ரெண்டு விசிலும் ஒரு றெக்கையும்

"இடது றெக்கையா, வலது றெக்கையா?" என்று கேட்டார் வெள்ளிக்கடைப் பத்தர்.

என் மாமியார் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல நான் தெருவில் போன மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாப்பிளே, எந்தப் பக்கம்னு கேக்காகள்லா?"

"இடது."

"இடதாம்" என்று பத்தரிடம் சொல்லிவிட்டு, மாமியார் தன் செல்போனை எடுத்து அதிலிருந்த படத்தைக் காட்டினார்.

சங்கரன்கோவில்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்குள் பாம்பு வந்தால் வெள்ளித் தகட்டில் பாம்பு உரு வாங்கிக் கோயில் உண்டியலில் போடுவோம். தேள் வந்தால் தேள் உரு. கண் நோவுக்குக் கண், முழங்கால் வலிக்குக் கால். பத்தரின் கண்ணாடிப் பெட்டியில் எல்லாம் தயாராக இருக்கும். விமானத்தின் றெக்கை மட்டும் இல்லை.

பத்தர் போனை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா, நுனி பிஞ்சுல்லா கெடக்கு? பிஞ்ச மாதிரியே அடிக்கணுமா?"

"பிஞ்சதுதான பிரச்சினையே."

"அப்படிக் குடுக்கக் கூடாது. கண்ணு தெரியலன்னு வாரவங்களுக்கு நான் புரை விழுந்த கண்ணா அடிச்சுக் குடுக்கேன்? முழுசாத்தான் குடுக்கணும். சாமிகிட்ட நமக்கு என்ன வேணுமோ அதைத்தான் காட்டணும்."

இதில் இருந்த நியாயம் மாமியாருக்குப் பிடித்துவிட்டது. எனக்கும்தான், ஆனால் நான் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி, முழு றெக்கை ஒண்ணு. கூடவே ஒரு வாலு."

"வாலு எதுக்கு?"

"இந்த றெக்கை போயி இன்னொரு பிளேனு வால்லதான முட்டிச்சு."

"அது யாரு பிளேனு?"

"வேற கம்பெனிக்கது."

"வேற கம்பெனிக்கு நீங்க எதுக்கு உரு போடணும்? அவங்க போட்டுக்கிடட்டும்."

மாமியார் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அதெப்படி? முட்டினது நம்ம புள்ளையில்லா" என்றார்.

நம்ம புள்ளை என்று அவர் சொன்னது தன் மகனை, அதாவது என் மனைவியின் தம்பி கோமதிநாயகத்தை. பத்தர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இவுகளும் அங்கனதான் இருக்காகளோ?"

"ஆமா. முட்டுத பிளேனுக்கெல்லாம் ஒட்டுப் போடுதது இவுகதான்" என்றார் மாமியார்.

இத்தனை வருட உத்தியோகத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

நின்றதில் போய் முட்டியவன்

மாமியார் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஊரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகரம் தட்டக் கற்றுக்கொண்டு, பிறகு முறையாகப் படித்துத் தேறி, வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் விமானங்களின் உடற்பகுதி பழுதுபார்க்கும் வேலைக்குப் போனவன் நான். எந்த ஊர் விமான நிலையம் என்று சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் என் சொந்தக்காரர்கள் வேலை பார்க்கிறார்கள்.

விமானம் வானத்தில்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வானத்தில் அவை ஒன்றையொன்று பார்க்கவே முடியாத தூரத்தில் போகின்றன. தரையில்தான் தொல்லை. தொழுவத்து மாடுகள் மாதிரி நெருக்கி நிறுத்திவைத்திருப்பார்கள். ஒன்று திரும்பினால் அடுத்ததன் மேல் உரசும். எனக்கு வரும் வேலையில் பாதி இப்படி வந்ததுதான். படிக்கட்டு வண்டி முட்டும், சாப்பாட்டு லாரி முட்டும், சில நேரம் விமானமே விமானத்தில் முட்டும்.

நிற்கும் விமானத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக, அதன் முன் சக்கரத்தில் ஒரு இழுவை வண்டியை மாட்டி இழுப்பார்கள். வண்டி ஓட்டுபவருக்குப் பின்னால் இருக்கும் றெக்கை நுனி தெரியாது. அதனால் ஒவ்வொரு றெக்கை நுனிக்கும் கீழே ஒரு ஆள் கூடவே நடந்து வருவார். கையில் ஆரஞ்சுக் கோல், வாயில் விசில். நுனி எதன்மேலாவது படப்போகிறது என்றால் விசிலடிக்க வேண்டும். விசில் சத்தம் கேட்டால் இழுப்பவர் நிறுத்த வேண்டும். ஒரு விசிலோ ஒன்பது விசிலோ, எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்: நில். இதற்கு மேல் அந்த வேலையில் ஒன்றும் கிடையாது.

அந்த வேலையைத்தான் கோமதிநாயகம் பார்த்தான்.

அவன் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. முதல்நாளே ஒருவர் கேட்டுவிட்டார்: "ஏலே, பறந்துக்கிட்டு இருக்கையில முட்டினாக்கூட ஒரு கௌரவம் உண்டும். சும்மா நின்னுக்கிட்டு இருந்ததுலயா போயி முட்டுவ?"

 

மினி பஸ் ஜோடி

இழுவை வண்டியை ஓட்டியவன் காதர். கடையநல்லூர்க்காரன். அவனுடைய மாமன்மார், சித்தப்பாமார் எல்லோரும் எப்போதோ வளைகுடாவுக்குப் போய் வீடு கட்டிவிட்டார்கள். இவன் மட்டும் போகவில்லை. காரணம், சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகும் ஒரு மினி பஸ். காதர் அதன் டிரைவர், கோமதி கண்டக்டர்.

அந்த பஸ்ஸில் நான் பலமுறை போயிருக்கிறேன். கரிசல் காட்டுக்குள் நெளிந்து நெளிந்து போகும் சாலை. எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் பின்னால் போய்த்தான் ஆகவேண்டும். கோமதி படியில் ஒற்றைக் காலில் தொங்குவான். காதர் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டான். ஒருமுறை நான் கேட்டேன்.

"ஏம்ப்பா, பின்னால போறியே, கண்ணாடியைப் பாக்கக் கூடாதா?"

"கண்ணாடி எதுக்கு அண்ணாச்சி? அதான் அவன் இருக்கான்லா" என்றான்.

ஒரு விசில் அடித்தால் நிற்கும். ரெண்டு விசில் அடித்தால் போகும். நம் பக்கத்து பஸ்களில் இதுதான் வேதம். இதைக் கோமதி அடிக்க, காதர் கேட்க, ஒரு கோழிகூட அடிபடாமல் வருடக்கணக்கில் ஓட்டினார்கள். காதரின் மாமா விசா அனுப்பியபோது, "ரெண்டு விசான்னா வாரேன்" என்று சொல்லிவிட்டான். மாமா தலையில் அடித்துக்கொண்டு ரெண்டாவது விசாவும் பிடித்தார். பஸ்ஸை அதன் முதலாளி விற்ற மாதத்திலேயே இருவரும் ஒன்றாக விமானம் ஏறினார்கள். அங்கேயும் ஒரே அறை, ஒரே ஷிப்ட். காதர் சமைப்பான், கோமதி குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவான்.

பயிற்சியில் இருவரும் நன்றாகவே தேறினார்கள். விசில் என்றால் நில் என்று எழுதியும் கொடுத்தார்கள். ஆனால் விசிலடிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவு ஒழுங்காக இழுத்தார்கள். அந்த மதியம் வரை.

பீரோ நகர்ந்த சத்தம்

வெயில் கொளுத்திய மதியம். நான் பட்டறைக்குள் ஒரு பழைய தகட்டிலிருந்து ரிவெட் ஆணிகளைத் துளைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே சிமெண்டுத் தரையில் இரும்பு பீரோவை இழுத்ததுபோல ஒரு சத்தம். என் தொழில் செய்பவனுக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியும். துளையிடும் கருவியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

நிறுத்தியிருந்த ஒரு விமானம், தரையில் போட்ட நிறுத்தக் கோடுவரை வராமல் கொஞ்சம் பின்னாலேயே நின்றிருந்தது. அதன் வால் வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. காதர் இழுத்துவந்த விமானத்தின் இடது றெக்கை நுனி அந்த வாலுக்குள் போய்ச் சொருகியிருந்தது. யாருக்கும் அடியில்லை, உள்ளே பயணிகள் யாருமில்லை. அது ஒன்றுதான் நல்ல செய்தி.

காதர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கோமதி றெக்கைக்குக் கீழே சிலையாக நின்றான். விசில் இன்னும் அவன் வாயிலேயே இருந்தது. அவன் மூச்சு விடும்போதெல்லாம் அது 'பீ' என்று மெல்லக் கத்தியது.

"முதல்ல அதை வாயில இருந்து எடுலே" என்றேன்.

எடுத்தான். எடுத்ததும் அழ ஆரம்பித்தான். விசிலே பரவாயில்லை என்று தோன்றியது.

காதர் இறங்கி வந்து என்னிடம் ஒரே வார்த்தைதான் சொன்னான். "ரைட் குடுத்தான் அண்ணாச்சி, வந்தேன்."

எனக்கு அப்போது அது புரியவில்லை. கோபத்தில் எனக்கு எதுவுமே புரியாது, அது என் சுபாவம்.

பிளேனுக்கு ஒத்தடம்

முட்டிக்கொண்ட விமானங்களைச் சட்டென்று பிரிக்கக் கூடாது. முள்ளில் மாட்டிய சேலையை இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அளவெடுத்து, அப்புறம்தான் அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்த்தினார்கள்.

பிரித்த பிறகு என் வேலை. வெளியே தெரியும் கிழிசலைப் பார்த்து ஏமாறக் கூடாது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே காதுதான் இதற்கும். நல்ல இடம் கணீரென்று சொல்லும். உள்ளே ஒட்டு விட்டுப்போன இடம் 'டொப்' என்று சொல்லும். டொப் என்ற இடத்தையெல்லாம் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டால், கைக்குட்டை அளவு கிழிசல் கடைசியில் கல்யாணப் பாய் அளவுக்கு வந்து நிற்கும்.

றெக்கை நுனியைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினோம். அது சேரும் இடத்தில் தகடு நெளிந்திருந்தது. நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தக் கூடாது. வெட்டியெடுத்துவிட்டு, உள்ளே ஒரு தகடு வைத்து ஆணி அடிக்க வேண்டும். வெட்டும்போது மூலை எல்லாம் வளைவாக இருக்க வேண்டும். கூர்மையான மூலை விட்டால் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும்.

வால் வேறு ரகம். அது துணியும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. கெட்டுப்போன அடுக்குகளை உரித்து, புது அடுக்குகள் வைத்து, மேலே பிளாஸ்டிக் விரிப்பு மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, மின்சாரப் போர்வையால் சூடு கொடுக்க வேண்டும். வீடியோ காலில் இதை மாமியாரிடம் சொன்னேன்.

"பாவம், ஒத்தடம் குடுக்காங்க போல" என்றார்.

மனைவி வள்ளிக்கு இந்த ரசனையெல்லாம் இல்லை. தம்பி வேலை தப்புமா என்பது ஒன்றுதான் அவள் கவலை.

"நீங்கதான சரி பண்ணுதிய? சின்னக் கீறல்தான்னு சொல்லிர வேண்டியதுதான?"

"சின்னக் கீறல் இல்லட்டி அது."

"ஊர்ல பட்டறையில இருக்கும்போது எத்தனை பஸ்ஸுக்குப் பட்டி வச்சு அப்பிருக்கிய? இதுக்கும் கொஞ்சம் அப்பிட்டு, பெயிண்டை அடிச்சு விட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

விமானத்துக்குப் பட்டி பார்க்கச் சொன்னவளிடம் நான் என்ன பேச? போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவள் என்னிடம் பேசவில்லை. மாமியார் வழியாகத்தான் பருப்பு விலைகூட எனக்குத் தெரிய வந்தது.

வாசற்படி மிதிக்காதவன்

விசாரணை முடியும்வரை வீட்டில் இருங்கள் என்று இருவரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை போனாலும் போகலாம், இருந்தாலும் இருக்கலாம். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா நேரம் என்பதால் நானும் வருட விடுப்பில் வந்து சேர்ந்தேன். பத்தர் கடைக்கு மாமியாருடன் போனது அப்போதுதான். அந்த றெக்கையையும் வாலையும் மாமியார் தபசுக் கூட்டத்தில் இடிபட்டு மிதிபட்டுப் போய் உண்டியலில் போட்டுவிட்டு வந்தார்.

வள்ளி இதற்குள் தீர்ப்பை எழுதிவிட்டிருந்தாள். குற்றவாளி காதர். "வண்டி ஓட்டினது அவன். எந்தம்பி விசிலு அடிச்சிருக்கான். காது கேக்காதவனுக்கு எதுக்கு வண்டி? அவன் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது."

காதர் மிதிக்கவில்லை. ஆனால் தினமும் கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவான். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் பூ மூட்டைகள் அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு உண்டு. கோமதியும் அங்கே போய்விடுவான். இருவரும் ஆளுக்கொரு டீயை வைத்துக்கொண்டு, வருகிற போகிற பஸ்களைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் காதர் திரும்பிப் போவான். எனக்கு அவர்களைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. வேலை தொங்கிக்கொண்டிருக்கிறது, இவர்களுக்குப் பஸ் விமர்சனம் கேட்கிறது.

பிறகு தகவல் வந்தது. வீடியோவில் கடைசி விசாரணை. இருவரும் ஒன்றாக உட்கார வேண்டும், நான் மொழிபெயர்க்க வேண்டும். வேறு வழியில்லாமல் வள்ளி காதரை உள்ளே விட்டாள். தண்ணீர் கொடுத்தாள். டம்ளரை வைத்த வேகத்தில் பாதி மேஜையில் சிந்தியது.

பத்து விசிலுக்கு அஞ்சு ரைட்டு

விசாரணை அதிகாரி கென்யாக்காரப் பெண்மணி. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் முன்னால் விமானிகளே சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார்கள்.

"காதர், விசில் சத்தம் கேட்டதா?" என்று கேட்டார்.

"கேட்டுச்சு."

"பிறகு ஏன் நிறுத்தவில்லை?"

"ரைட் குடுத்தான்லா அண்ணாச்சி? சொல்லுங்க அவுகளுக்கு."

கோமதி துள்ளி எழுந்தான். "நான் எப்பலே ரைட் குடுத்தேன்? ஹோல்டான்னுல்லா அடிச்சேன்!"

"ஹோல்டான்னா ஒரு விசிலுல்லா? நீ ரெண்டு அடிச்ச."

"ரெண்டா? பதட்டத்துல பத்து விசிலு அடிச்சேம்லே!"

"பத்துன்னா அஞ்சு ரைட்டு" என்றான் காதர்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாள் இந்த முட்டாள்கள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்களா? பதட்டத்தில் இருவருக்கும் பயிற்சி மறந்து, பஸ் ஞாபகம் வந்திருக்கிறது. ஒருவன் கண்டக்டராக ஊதியிருக்கிறான், மற்றவன் டிரைவராகக் கேட்டிருக்கிறான்.

அதிகாரியிடம் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் ஒரு விசிலுக்கு நிற்கும், ரெண்டு விசிலுக்குப் போகும், இவர்கள் பல வருடம் அப்படி ஓட்டியவர்கள் என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வசதியான விளக்கமாக இருக்கிறது" என்றார். "ஒருவர் வேலையை ஒருவர் காப்பாற்றிக்கொள்ள இப்படிப் பேசி வைத்துக்கொள்ளலாம் அல்லவா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் மைத்துனன் மடையன் என்று யாரும் சொல்லலாம், நானே சொல்வேன். பொய்யன் என்று சொல்ல விடமாட்டேன்.

"அம்மா, கொஞ்சம் போனிலேயே இருங்கள். நேரில் காட்டுகிறேன்" என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் விசாரணை

போனைக் கையில் பிடித்தபடி ஆட்டோவில் ஏறினேன். பின்னால் கோமதியும் காதரும். கடைசி நொடியில் வள்ளியும் ஏறிக்கொண்டாள். வழி நெடுக அதிகாரி சங்கரன்கோவில் வீதிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். "அந்த மாடு யாருடையது?" என்று ஒருமுறை கேட்டார். அதுவும் விசாரணையில் சேருமோ என்று தெரியாமல், "தெரியாது" என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் திருவேங்கடம் மினி பஸ் நின்றது. அதன் கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் போனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாரு இந்தம்மா? ஆர்.டி.ஓ.வா?"

"அதுக்கும் மேல. ஒரு விசிலு, அப்புறம் ரெண்டு விசிலு அடிச்சுக் காட்டுங்க போதும்."

"எனக்கு ஒண்ணும் கேசு வராதே?"

அவர் தயங்கித் தயங்கி நின்றார். கூட்டம் சேர்ந்துவிட்டது. பூக்காரர்கள், வெள்ளரிக்காய் விற்பவர்கள், பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் போனுக்குக் கையாட்டினார்கள். பொறுமை இழந்த கோமதி, "இங்க தாரும்வே" என்று அவர் கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடுங்கினான். திருவேங்கடம் பஸ்ஸைப் பார்த்து ரெண்டு விசில் அடித்தான்.

பீ, பீ.

திருவேங்கடம் பஸ் அசையவில்லை. டிரைவர் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அதற்குப் பக்கத்தில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்த பனவடலிசத்திரம் பஸ் கியர் போட்டுக் கிளம்பிவிட்டது. அதன் கண்டக்டர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். கையில் டீ, வாயில் பாதி வடை.

"ஏலே! ஏலேய்! நான் இங்கன நிக்கேம்லே!"

கண்டக்டர் டீயோடு ஓடினார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் கத்தினார்கள். டிரைவர் திரும்பியே பார்க்கவில்லை. ரைட் கொடுத்தாகிவிட்டது, அவர் போகிறார். பஸ் வாசலைத் தாண்டப்போகும் நேரத்தில் காதர் கத்தினான்: "ஒண்ணு அடி மக்கா! ஒண்ணே ஒண்ணு!"

கோமதி ஒரு விசில் அடித்தான். நீளமாக, மூச்சு முட்ட.

பஸ் ஆணி அடித்ததுபோல் நின்றது.

போனைத் திருப்பிப் பார்த்தேன். கென்யாக்கார அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு அதிகாரிகள் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல சாட்சியை எந்த வக்கீலாலும் கொண்டுவந்திருக்க முடியாது. எனக்குத் தலை கால் புரியவில்லை. பனவடலிசத்திரம் கண்டக்டர் வந்து எங்களைத் திட்டிய திட்டைக்கூடச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது வள்ளி என்னிடம் நேரடியாகப் பேசினாள். "பரவாயில்ல, உங்களுக்கும் கொஞ்சம் மூளை இருக்கு" என்றாள்.

தீர்ப்பு

சில நாள் கழித்து அதிகாரி கூப்பிட்டார். வீட்டில் எல்லோரும் இருந்தோம். காதரும் வந்திருந்தான். வள்ளி பாயசம் வைத்திருந்தாள். நல்ல செய்தியாக இல்லாவிட்டால் அதை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"இருவருக்கும் வேலை உண்டு" என்றார் அதிகாரி.

நான் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார். கோமதி காதரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். வள்ளி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். காரியத்தை முடித்தவன் நான்தானே.

"இன்னொன்று" என்றார் அதிகாரி. "நாங்கள் யோசித்துப் பார்த்தோம். கோமதி எத்தனை விசில் அடித்தாலும் வேறு எந்த ஓட்டுநரும் நிறுத்திவிடுவார். வேறு யார் விசில் அடித்தாலும் காதர் நிறுத்திவிடுவார். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் மட்டும்தான் விமானம் நிற்காது. ஒருவரை ஒருவர் அவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அதனால் இனி ஒருவருக்குப் பகல் ஷிப்ட், ஒருவருக்கு இரவு ஷிப்ட். தங்குமிடமும் தனித்தனியாக. இனிமேல் இவர்கள் ஒன்றாக வேலை செய்யவே கூடாது."

மடமடவென்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நான் நின்றுவிட்டேன். அதில் மறுத்துச் சொல்ல ஒரு இடமும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி, இதற்கான சாட்சியத்தைக் காட்டியவன் நான்தான்.

"என்ன அண்ணாச்சி சொல்லுதாங்க?" என்றான் காதர். அவன் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

சொன்னேன்.

கோமதி அவன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. 

"அதனால என்ன? வேலை இருக்குல்லா, அதைப் பாருங்க" என்றாள் வள்ளி. பாயசத்தை டம்ளரில் ஊற்றி முதலில் காதரிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

"வேலை போயிருந்தா, ரெண்டு பேரும் இங்கனயே ஏதாவது ஒரு வண்டியில ஏறிருப்போம்லா அக்கா" என்றான்.

கோமதி, "குடிலே, ஆறிப் போவுது" என்றான். 

 சம்பளத்தோடு வேலை திரும்பக் கிடைத்திருக்கிறது, இரண்டு தடியன்கள் நின்று மூக்கை உறிஞ்சுகிறார்கள், எனக்கும் உறிஞ்ச வேண்டும்போல இருக்கிறது. என் தொழிலில் எவ்வளவு பெரிய கிழிசலுக்கும் ஒரு வழி இருக்கும். இதற்கு எதுவும் தோன்றவில்லை.

வள்ளிதான் பேசினாள். "ஏலே காதரு, நீங்க ரெண்டு பேரும் பிளேனு ஏறுத வரைக்கும் நீ இங்கனயே தங்கிக்கோ. தெனமும் பஸ்ஸுக்கு நின்னு போயிட்டு வர வேண்டாம். உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று சொன்ன அதே வாய்தான்.

மாடி அறையை நானே பெருக்கி, பாயும் தலையணையும் கொண்டுபோய்ப் போட்டேன். அவர்கள் கிளம்பும் நாள் வரைக்கும் மேலே ஒரே பேச்சும் சிரிப்புமாக இருந்தது. எந்த பஸ் எந்த வளைவில் எப்படித் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர அந்த இருவருக்கும் உலகத்தில் வேறு விஷயமே கிடையாது. மத்தியானத் தூக்கம் எனக்கு உயிர். அதை அவர்கள் தினமும் கெடுத்தார்கள். ஒரு நாள்கூட நான் மேலே போய்ச் சத்தம் போடவில்லை.